திரையைத் தொடாத பொறுப்பாளர்

கடிகாரக்காரர் பட்டப்பகலில் கடையை மூடினால், ஒன்று அவருக்குக் காய்ச்சல், இல்லையென்றால் அவருடைய மைத்துனன் ஏதோ உதவி கேட்டிருக்கிறான் என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் இல்லை.

மைத்துனன் தபால் நிலையத்தில் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறவன். மிச்ச நேரத்தில் நாடகம் எழுதுகிறவன். எழுதிய நாடகத்தை மேடையேற்ற ஊரில் இருந்த ஒரே கலையரங்கத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இரண்டு வருஷம் நான்கு மாதம் காத்திருந்தான். அரங்கம், 'அரங்கக் கலை ஒழுங்குமுறை வாரிய'த்தின் பொறுப்பில் இருந்தது. வாரியம் ஒதுக்கிய தேதியில் ஒரு குழு நாடகத்தை நடத்தாமல் விட்டால் அந்தக் குழு அடுத்த ஐந்து வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அனுமதி கொடுத்த கடிதத்தில் வாழ்த்துகள் ஒரு வரியும் இந்த விதி ஒரு பக்கமும் இருந்தன.

கதாநாயகி, கடிகாரக்காரரின் மனைவி. நாற்பத்தொன்பது வயது. குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் புகார்களைக் கேட்டு எழுதிக்கொள்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஊராருடைய கோபத்தையெல்லாம் பொறுமையாகக் குறிப்பெடுத்து, தேதி போட்டு, எண் கொடுத்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்து சமைக்கிறவர். அவர் நடிக்கப்போகிறார் என்று தம்பி சொன்னபோது கடிகாரக்காரர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

பத்து மாதம் ஒத்திகை நடந்தது. ஒரு நாளும் கடிகாரக்காரரை வந்து பார்க்க விடவில்லை.

"நீங்க எதிர்ல உட்கார்ந்திருந்தா எனக்கு வசனம் வராதுங்க," என்று சொல்லிவிட்டார் மனைவி.

கதை எளிமையானதுதான். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய கணவன் இருபது வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். கடைசிக் காட்சியில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைகிறான். மனைவி அவனை மூன்று நிமிஷம் கேள்வி கேட்கிறாள். அந்த மூன்று நிமிஷத்துக்காகத்தான் முழு நாடகமும்.

"மாமா, திரை இழுக்க ஒரு நிதானமான ஆள் வேணும். உங்களைத்தான் நம்பியிருக்கேன்," என்று மைத்துனன் கேட்டிருந்தான். பகல் மூன்று மணிக்கு நாடகம். காலை ஒன்பதுக்கே எல்லாரும் அரங்கத்தின் பின்வாசலில் நின்றார்கள்.

பின்வாசல் பூட்டியிருந்தது. முன்வாசல் வழியாக உள்ளே போய், மேடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது, அந்தப் பூட்டிய பின்வாசலுக்கு நேர் உட்புறத்தில் ஒரு மேஜை போட்டு மேடை அலுவலர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, மென்மையான மனிதர். 'விதி' என்ற சொல்லை, நெருங்கிய உறவினரின் பெயரைச் சொல்வதுபோல் அன்பாகச் சொன்னார்.

"வாங்க வாங்க. உங்களுக்கு உதவி பண்ணத்தான் நான் இருக்கேன். முதல்ல படிவம் பதினேழு."

படிவம் பதினேழு என்பது உணர்ச்சி விவரப் பட்டியல். நாடகத்தில் யார், யார்மேல், என்ன உணர்ச்சியை, எத்தனை நிமிஷம் காட்டுவார்கள் என்று நிரப்ப வேண்டும். மைத்துனன் ஏற்கெனவே நிரப்பிக் கொண்டுவந்திருந்தான். அலுவலர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"துக்கம் பதினொரு நிமிஷம். சரி. ஏக்கம் ஆறு. சரி. கோபம் மூணு... யாருக்கு?"

"அக்காவுக்கு சார். கடைசிக் காட்சி."

"பெண் பாத்திரம்னா ரெண்டு நிமிஷம்தான் அனுமதி."

"ஆணுக்கு?"

"ஆணுக்கு நாலு. ஆனா உங்க கதையில அவர் கோபப்படவே இல்லையே."

"அப்ப அதுல ஒரு நிமிஷத்தை எடுத்து இவங்களுக்குக் கொடுத்துடலாமா?"

"தாராளமா. அதுக்குப் படிவம் பதினெட்டு. அது அச்சுல இருக்கு."

"எப்ப வரும் சார்?"

அலுவலர் யோசித்தார். "நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து அச்சுலதான் இருக்கு."

கடிகாரக்காரர் பட்டியலை எட்டிப் பார்த்தார். மகிழ்ச்சி என்ற வரிக்கு எதிரே வரம்பு எதுவும் போடவில்லை. ஏன் என்று கேட்டார்.

"அதை யாரும் கேட்டு வந்ததில்லை. அதனால இன்னும் வரம்பு வைக்கல," என்றார் அலுவலர். பிறகு மறந்துவிடாமல் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

மைத்துனனுக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா அவன் தோளைத் தட்டினார். "ரெண்டுன்னே போடுடா. நான் பார்த்துக்கறேன்."

அடுத்தது கதவு. தபால் நிலைய நண்பர்கள் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்து, மரச்சட்டமும் அட்டையும் வைத்துச் செய்த கதவு அது. மேடையின் நடுவில், இரு பக்கமும் கறுப்புத் துணி தொங்க, பின்னால் ஒன்றுமே இல்லாமல் நின்றது. அலுவலர் அதைச் சுற்றி வந்தார்.

"இது கதவுதானே?"

"கதவு மாதிரி சார்."

"திறக்குதா?"

"திறக்கும்."

"மூடுதா?"

"மூடும்."

"அப்ப கதவுதான். விதி நாற்பத்தொண்ணு. அரங்கத்துக்குள்ள இருக்கிற ஒவ்வொரு கதவு மேலயும் 'வெளியேறும் வழி'ன்னு பச்சை விளக்குப் பலகை எரியணும். ரெண்டு பக்கமும்."

"சார், இது அந்தப் பொம்பளையோட வீடு. வீட்டுக்குள்ள எப்படி அந்தப் பலகை இருக்கும்?"

"தீப்பிடிச்சா வீடுன்னு பார்க்குமா, மேடைன்னு பார்க்குமா?" என்று அலுவலர் மெதுவாகக் கேட்டார்.

ஆனால் கையிருப்பில் பலகை இல்லை. முழு அரங்கத்திலும் எரிகிற நிலையில் இருந்தது ஒன்றே ஒன்று, அலுவலரின் தலைக்கு மேலே, பின்வாசலில். அவரே நாற்காலியில் ஏறி அதைக் கழற்றினார்.

"அங்கிருந்து எடுக்கலாமா?" என்றார் கடிகாரக்காரர்.

"இந்தக் கதவு எப்பவும் பூட்டித்தானே இருக்கு. இது வழியா யாரும் வெளியேறப் போறதில்லை. வெட்டியா எரிஞ்சுக்கிட்டிருக்கு."

பலகை மேடைக் கதவின்மேல் ஏறியது. முன்னாலும் பின்னாலும் பச்சையாகப் பளபளத்தது. இருபது வருஷம் கணவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் வீட்டு வாசல் அவசர வழியாக மாறிவிட்டதை மைத்துனன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியாகத் திரை. இது கடிகாரக்காரரின் பொறுப்பு என்பதால் அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கயிற்றின் பக்கம் போனார். அலுவலர் பதறி ஓடிவந்தார்.

"தொடாதீங்க. திரையைத் தூக்கறது திரை இயக்குநர், நிலை இரண்டு. அவர் மட்டும்தான் தூக்கலாம்."

"அவர் எங்க?"

"அந்தப் பதவி ஆறு வருஷமா காலி."

"அப்ப இறக்கறது?"

"இறக்கறது யார் வேணும்னாலும் இறக்கலாம். அது பாதுகாப்பு நடவடிக்கை. தூக்கறதுதான் இயக்கம்."

கடிகாரக்காரர் இதைப் பல கோணங்களில் யோசித்துப் பார்த்தார். ஒரு பல் உடைந்த சக்கரத்தைப் பார்த்தாலே கடிகாரம் எங்கே நிற்கும் என்று சொல்லிவிடுவார். இது எங்கே ஓடும் என்றே புரியவில்லை. "அதாவது, இறக்கினா மறுபடி தூக்க முடியாது."

"சரியாச் சொன்னீங்க. இப்ப அது மேலதான் இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

"அப்படின்னா எனக்கு வேலை இல்லை. நான் போய் எதிர்ல உட்கார்ந்து நாடகம் பார்க்கிறேனே."

"முடியாது," என்றார் அலுவலர் வருத்தத்துடன். "பொறுப்பாளர் இல்லாம கயிறு இருக்கக் கூடாது. விதி."

உட்கார்ந்து தட்டச்சு செய்து, முத்திரை வைத்து, கடிதமாகவே கொடுத்துவிட்டார். 'நிகழ்ச்சி முடியும் வரை மேடைத் திரையின் கயிற்றைத் தாமும் தொடாமல், பிறர் எவரையும் தொட விடாமல் காக்கும் பொறுப்பாளராக இதன்மூலம் தாங்கள் நியமிக்கப்படுகிறீர்கள்.' கடிகாரக்காரர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சொந்தக் கடையைத் தவிர வேறெங்கும் வேலை பார்க்காதவருக்கு முதல் அரசு நியமனம் அது.

இரண்டு மணிக்கெல்லாம் மேடைக்குப் பின்னால் காற்றே மாறிவிட்டது. பவுடர் வாசனை, தாடி ஒட்டும் பசையின் வாசனை, எங்கேயோ யாரோ வைத்துவிட்டு மறந்த டீயின் வாசனை. பக்கத்து வீட்டுக்காரியாக நடிக்கும் தையல் டீச்சர் உதட்டில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு ஒவ்வொருவர் உடையாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் செருப்பைத் தேடினார். மைத்துனன் எல்லாரிடமும் "பதறாதீங்க, பதறாதீங்க" என்று பதறிக்கொண்டிருந்தான். திரை மேலேயே இருந்ததால், சீக்கிரம் வந்து உட்கார்ந்த கூட்டம் நாற்காலி போடுவது, போட்ட நாற்காலியை மாற்றிப் போடுவது, அதற்காகச் சண்டை போடுவது எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தது. இரண்டாவது சண்டைக்குக் கை தட்டினார்கள்.

திரும்பி வரும் கணவனாக நடிப்பவர் மருந்துக்கடைக்காரர். தாடி ஒட்டி முடித்ததும் அவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. ஊர் மொத்தத்துக்கும் வைத்தியம் சொல்கிறவர், தண்ணீர் குடித்தார், மூச்சைப் பிடித்தார், சர்க்கரை தின்றார், குனிந்து நின்றார். விக்கல் நிற்கவில்லை. தாடி மட்டும் ஒரு பக்கம் விட்டுப்போனது.

மனைவி நடைவழியின் ஓரத்தில் சுவரைப் பார்த்து நின்று வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கடிகாரக்காரரைப் பார்த்ததும் கையை நீட்டினார். "என்னங்க, எப்படி நடுங்குது பாருங்க."

அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "நிமிஷத்துக்கு நூத்திப்பத்து இருக்கும். கொஞ்சம் வேகம்தான்."

"நான் என்ன கடிகாரமா?" என்றார் மனைவி. ஆனால் கையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. தபால் நிலையம் முழுதும் வந்திருந்தது. குடிநீர்ப் புகார் கொடுத்தவர்கள் பெரிய கூட்டமாக வந்திருந்தார்கள். தங்கள் புகாரை எழுதிக்கொள்கிற அம்மா வேறு எதையாவது பேசுவதை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை.

விதிப்படி முதலில் வாரியத் தலைவர் பேச வேண்டும். தலைவர் உயரமானவர், நல்ல குரல். மேடைக்கு வந்து, பச்சைப் பலகையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"பெரியோர்களே, இந்த வாரியம் தொடங்கப்பட்ட ஆண்டில் இதே அரங்கத்தில் நூற்றிருபது நாடகங்கள் நடந்தன. நூற்றிருபது. நினைத்துப் பாருங்கள், எவ்வளவு கூட்டம், எவ்வளவு சத்தம், எத்தனை தேய்ந்த நாற்காலிகள். எங்களுடைய அயராத உழைப்பால் இன்று அதை ஆண்டுக்கு அதிகபட்சம் மூன்றாகக் கொண்டுவந்திருக்கிறோம். சென்ற ஆண்டு விபத்து ஒன்றுகூட இல்லை. சென்ற ஆண்டு நாடகமும் இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை நான் தன்னடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன். கலை ஒரு செடி. செடியை வளர்க்க வேண்டுமானால் யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஊற்ற வருகிறவர்களைத்தான் முதலில் தடுக்க வேண்டும். அவர்கள்தான் அடிக்கடி வருகிறார்கள்."

இருபத்தைந்து நிமிஷம் பேசிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். நாடகம் தொடங்கியது.

கடிகாரக்காரர் கயிற்றுக்குப் பக்கத்தில், மேடையின் ஓரத்தில் நின்றார். அங்கிருந்து மனைவியைப் பக்கவாட்டில்தான் பார்க்க முடிந்தது. ஐந்து நிமிஷத்தில் அவர் கயிற்றை மறந்துபோனார். வீட்டில் அவருக்குத் தெரிந்த குரல்தான் அது, ஆனால் கடைசி வரிசை வரை போய் அங்கே எழுந்தவனைத் திரும்ப உட்கார வைத்தது. மனைவி ஒரு துணியை மடித்தபடி சும்மா ஜன்னலைப் பார்த்தார். நானூறு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக இதை எங்கே வைத்திருந்தாள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசிக் காட்சி வரும்போது தலைவர் மணியைப் பார்த்தார். அவருக்கு வேறொரு இடத்தில் ஒரு படிக்கட்டைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. நடுவில் எழுந்து கூட்டத்தின் குறுக்கே போனால் மரியாதையாக இருக்காது என்று, மேடைக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கதவு வழியாகப் பின்பக்கம் நழுவினார். அங்கே கும்மிருட்டு. பின்வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்த இருட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் வெளிச்சம் இருந்தது. பச்சையாக, தெளிவாக, 'வெளியேறும் வழி' என்று. தலைவர் தன் வாரியத்தின்மேல் முழு நம்பிக்கை உள்ளவர். நேராக அதை நோக்கி நடந்தார்.

கதவுக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டிய மருந்துக்கடைக்காரர் அப்போது எட்டாவது குவளைத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

மேடையில் மனைவி தனியாக நின்று, "யாரது?" என்றார். கதவு திறந்தது. வாரியத் தலைவர் உள்ளே வந்தார்.

தலைவர் விளக்குகளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "இது... இது வெளியே போற வழிதானே?" என்றார்.

மனைவி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வெளியே போற வழி ஒண்ணுதான் உங்களுக்குத் தெரியும்," என்றார் மனைவி. "உள்ளே வர்ற வழியைக் கண்டுபிடிக்க இருபது வருஷம் ஆயிருக்கு."

கைதட்டல் கூரையை முட்டியது.

"அம்மா, நான் வாரியத் தலைவர்..."

"அதெல்லாம் வெளியில. இந்த வீட்டுல நீங்க யாரு?"

தலைவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். பிறகு, "எனக்கு வேற ஒரு விழா இருக்கு," என்றார்.

"எப்பதான் இல்லை? எனக்கு ஜுரம் வந்தப்ப உங்களுக்கு வேலை. பொண்ணு பரிசு வாங்கினப்ப உங்களுக்கு வேலை. ஊர்ல யார் எதை உடைச்சுக்கிட்டு வந்தாலும் உட்கார்ந்து சரி பண்ணித் தர்றீங்க. சமையல்கட்டு ஜன்னல் கொக்கி உடைஞ்சு எத்தனை வருஷமாச்சு? காத்தடிக்கிறப்பெல்லாம் ஒரு கையால ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்ன பண்றேன்னு வந்து எட்டிப் பார்த்திருக்கீங்களா?"

இருபது வருஷமாக வீட்டிலேயே இல்லாதவன் எப்படி எட்டிப் பார்ப்பான் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்கள் பக்கமிருந்து "கேளுங்க, நல்லாக் கேளுங்க" என்று குரல் வந்தது.

"மாமா, இது நான் எழுதினது இல்லை," என்று மைத்துனன் தரையிலிருந்து கிசுகிசுத்தான்.

அப்போதுதான் மேடை அலுவலர் கையில் நிறுத்துகடிகாரத்துடன் ஓடிவந்தார். "ரெண்டு நிமிஷம் தாண்டி நாற்பது விநாடி ஆச்சு. பட்டியல்ல இல்லாத ஆள் வேற மேடையில நிக்கறார். திரையை இறக்கணும்." கயிற்றை நோக்கிக் கையை நீட்டினார்.

திரை இறங்கினால் திரும்ப ஏறாது. பத்து மாத ஒத்திகையும் ஐந்து வருஷமும் அதோடு போயிற்று. கடிகாரக்காரர் வாழ்க்கையில் எந்த அலுவலரையும் எதிர்த்துப் பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. கயிற்றுக்கு முன்னால் நகர்ந்து நின்று, சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார்.

"'பிறர் எவரையும்'னு போட்டிருக்கு சார். அதுல நீங்களும் வர்றீங்க."

அலுவலர் பச்சை வெளிச்சத்தில் கடிதத்தை மூன்று முறை படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். "கடிதம் சரியாத்தான் இருக்கு," என்றார், குரல் உடைந்து. "இதை ரத்து பண்ணணும்னா தலைவர் கையெழுத்து வேணும்."

இருவரும் மேடையைப் பார்த்தார்கள்.

"அவர் இப்ப வேலையா இருக்கார்," என்றார் கடிகாரக்காரர்.

மேடையில் தலைவர் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார். கோபம் ஐந்தாவது நிமிஷத்துக்குள் போயிருந்தது. மனைவி மூச்சு வாங்க நிறுத்தியபோது, தலைவர் தன்னையறியாமல், வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில், "நாளைக்குச் சரி பண்ணிடறேன்," என்றார்.

அரங்கம் சிரித்த சிரிப்பில் அட்டைக் கதவு ஆடியது. சரியாக அந்த நேரத்தில் அது மறுபடி திறந்தது. பாதித் தாடியுடன் மருந்துக்கடைக்காரர் உள்ளே வந்து, விக்கினார்.

மனைவி இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ரெண்டு பேரா?" என்றார். "ஒருத்தரையே என்னால தாங்க முடியலையே." பிறகு தலைவரிடம் திரும்பி, ஆறுதலாக, "நீங்க வீடு மாறி வந்துட்டீங்க. பரவாயில்லை, கேட்டதையெல்லாம் உங்க வீட்டுலயும் ஞாபகம் வச்சுக்குங்க," என்று முன்படிகளைக் காட்டினார். தலைவர் கைதட்டலுக்கு நடுவில் இறங்கி, முன்வரிசையில் தன் இடத்திலேயே போய் உட்கார்ந்தார். படிக்கட்டு திறக்கப்படாமலே இருந்தது. மருந்துக்கடைக்காரருக்கு ஒரு வசனமும் மிச்சமில்லை. அதிர்ச்சியில் விக்கல் நின்றுவிட்டதால் அவரும் சந்தோஷமாகவே இருந்தார்.

நாடகம் முடிந்ததும் எல்லாரும் மேடைக்குப் பின்னால் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். தலைவர் வந்தார். அலுவலர் அறிக்கையுடன் தயாராக இருந்தார்.

"ஐயா, பட்டியலில் இல்லாத நபர் மேடையேறினா, அந்த நபர் ஐந்து வருஷம் மேடையேறக் கூடாது. நீங்க போட்ட விதிதான்."

தலைவர் அதைக் காதில் வாங்கவில்லை. மைத்துனனைப் பார்த்து, "எனக்கு மொத்தம் எத்தனை வசனம்?" என்றார்.

"நாலு ஐயா."

"எது நல்லா இருந்துச்சு?"

"கடைசி வசனம் ஐயா. அதுலதான் ஜனங்க அப்படிச் சிரிச்சாங்க."

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றார் தலைவர். முகம் மலர்ந்திருந்தது. அலுவலரிடம் திரும்பினார். குரல் மேடைக்குரிய குரலாக மாறியது. "எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு மூன்று நாடகங்கள் என்பது இந்த ஊருக்கே அவமானம். இதற்கு யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும். இனி ஆண்டுக்கு முப்பது. ஒவ்வொரு நாடகத்திலும் தலைவருக்கு ஒரு வேடம் கட்டாயம். பெரிய வேடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நடுவில் வந்தால் போதும். கைதட்டல் இருக்க வேண்டும்."

"விதி எண் ஐயா?"

"நீங்களே ஒரு எண் போட்டுக்குங்க," என்றார் தலைவர், மறுபடி சாதாரணக் குரலில்.

அலுவலர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தையல் டீச்சர் அவருக்கு ஒரு டீ கொடுத்தார்.

கடிகாரக்காரரும் மனைவியும் பேருந்தில் வீட்டுக்குக் கிளம்பியபோது வெயில் இன்னும் தாழவில்லை. மனைவியின் கன்னத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. ஏறுகிறவர்கள் எல்லாரும் அவரை ஒருமுறை பார்த்தார்கள். இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார் மனைவி.

"அசந்துட்டேன்," என்றார் அவர். "அந்த ஆளை நீ கேட்ட கேள்வியில எனக்கே வேர்த்துடுச்சு. ஒத்திகைல இல்லாததை அவ்வளவு நேரம் எப்படித்தான் தடுமாறாமப் பேசினே?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதட்டில் சிரிப்பு நிற்கவில்லை.

"அது அவருக்காக வச்சிருந்தது இல்லீங்க. உங்களுக்காக வச்சிருந்தது."

கடிகாரக்காரர் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"முடிஞ்சுதா, இன்னும் பாக்கி இருக்கா?"

"அதுல பாதிதான் சொன்னேன்," என்று மனைவி அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "வீட்டுக்கு வாங்க."